கலக்கினால் இளகும், விட்டால் இறுகும்



இங்கே கராச்சர்மாவில் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க நமக்குக் கிடைப்பது நாலு மாதம்தான். மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை போகும். வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர். போன தடவை நானே தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அடித்தேன். ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிட்டது. இந்தத் தடவையும் டப்பாவைத் திறந்தால் பெயின்ட் தயிர் மாதிரி நின்றது. செம்பை எடுத்தேன். ராமநாதபுரத்துப் பெயின்டர் தடுத்து, "சார், மொதல்ல கலக்குங்க" என்று குச்சியைக் கொடுத்தார். கலக்கக் கலக்க மோராக இளகியது. சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் தயிர்!

பி.காம். படித்தவனுக்கு இது புரியுமா? தேடிப் படித்தேன்.

பெயின்டில் சேர்க்கும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்து, சீட்டுக்கட்டு வீடு போல் நிற்கின்றன. கலக்கினால் அந்தப் பிடி விடும்; சும்மா விட்டால் மீண்டும் சேரும். அதனால்தான் பிரஷ்ஷில் ஓடுகிறது, சுவரில் வழிவதில்லை.

1923-ல் பெர்லினில் ஷாலெக், செக்வாரி என்ற இருவர், இரும்பு ஆக்சைடு கூழ் ஒன்று குலுக்கினால் நீராகி, வைத்தால் உறைவதைக் கண்டார்கள். அவர்கள் வேலை செய்தது ஹெர்பர்ட் ஃப்ராய்ண்ட்லிஹ் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில். 1927-ல் இதற்கு 'திக்ஸோட்ரோபி' என்ற பெயர் வந்தது. கிரேக்கத்தில் 'தொட்டால் மாறுவது' என்ற பொருள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத வம்சாவளியினரான ஃப்ராய்ண்ட்லிஹ் ஜெர்மனியை விட்டு லண்டன் போனார். அங்கிருந்தபடி 1935-ல் இந்தப் பொருளைப் பற்றியே புத்தகம் வெளியிட்டார். 1938-ல் அமெரிக்காவின் மினசோட்டா. 1941-ல் அங்கேயே காலமானார். செக்வாரியும் அமெரிக்கா போய், 1946-ல் அக்ரன் நகரில் கம்பெனி தொடங்கினார். குண்டுகளைக் கலக்கி அரைக்கும் அவருடைய இயந்திரம் பெயின்ட், மை தொழிலிலும் புகுந்தது. 1950-களில், இதே குணத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, சொட்டாத பெயின்ட் கடைகளுக்கு வந்தது.

மாற்றல் உத்தரவு வந்தாலே புலம்புகிற எனக்கு, நாடு நாடாக மாறியும் வேலையை விடாத அந்த மனிதரை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நண்பர்களே, பெயின்ட் கெட்டியாகத் தெரிந்தால் உடனே செம்பைத் தேடாதீர்கள். முதலில் நன்றாகக் கலக்குங்கள். பிறகு டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். மிஞ்சினால் பூச்சு மெலிந்து, அடுத்த மழைக்கே என் பழைய சுவர் மாதிரி ஆகிவிடும்.