ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்

ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் என்பது ஊகப் புனைவையும் ஊகக் கவிதையையும் வெளியிடும் ஆங்கில இணைய வார இதழ் ஆகும். அறிபுனை, கனவுருப்புனைவு, இவ்விரண்டிலும் முழுமையாக அடங்காத விந்தைக் கதைகள் ஆகிய அனைத்தும் ஊகப் புனைவு எனப்படும். கொழும்பில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த தமிழ் எழுத்தாளர் மேரி ஆன் மோகன்ராஜ் இவ்விதழை 2000 செப்டம்பரில் தொடங்கினார்.

வரலாறு

இதழ் தொடங்கிய காலத்தில் அறிபுனைச் சிறுகதைகளுக்கு அச்சிதழ்களே முதன்மைக் களமாக இருந்தன. இணையத்தில் வெளிவரும் படைப்புகள் பலராலும் குறைவாகவே மதிக்கப்பட்டன. மோகன்ராஜ் 2003 வரை ஆசிரியராக இருந்தார். பின்னர் சூசன் மேரி குரோப்பி, நயல் ஹாரிசன் முதலியோர் அப்பொறுப்பை ஏற்றனர். பிறமொழிப் புனைவுகளின் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒருங்கே தரும் சமோவார் என்ற துணை இதழ் 2017 இல் தொடங்கப்பட்டது.

நிதியும் சன்மானமும்

இதழின் ஆசிரியர் குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். ஆயினும் படைப்பாளிகளுக்குச் சன்மானம் வழங்கப்படுகிறது. கதைகளுக்குச் சொல் எண்ணிக்கையைக் கொண்டும், கவிதைகளுக்குக் கவிதை ஒன்றுக்கு இவ்வளவு என்றும் தொகை கணக்கிடப்படுகிறது. வாசகர்கள் இதழை இலவசமாகப் படிக்கலாம். ஆண்டுதோறும் திரட்டப்படும் நன்கொடையே முதன்மையான வருவாய் என்பதால், இதழின் தொடர்ச்சி வாசகர்களின் கையிலேயே உள்ளது.

புதிய எழுத்தாளர்கள்

புதியவர்களுக்கு இடமளிப்பது இதழின் நோக்கங்களுள் ஒன்று. சோபியா சமதாரின் சிறுகதை ஒன்று 2013 இல் இதில் வெளியாகி, ஹியூகோ, நெபுலா ஆகிய இரு விருதுகளுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அவரே 2014 இல் சிறந்த புதிய எழுத்தாளருக்கான ஜான் டபிள்யூ. கேம்பல் விருதையும் பெற்றார்.

ஆசிரியர்கள் தங்களுக்கு அடிக்கடி வந்து சேரும் கதைக்கருக்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுள்ளனர். அவற்றுள் சில:

• நடந்தவை அனைத்தும் கனவு என முடிவில் தெரிதல்
• நடந்தவை அனைத்தும் கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகில் நிகழ்ந்தவை என முடிவில் தெரிதல்
• படைப்பாளி ஒருவர் எதையும் படைக்க இயலாது தவித்தல்

இவை தடை செய்யப்பட்டவை அல்ல. ஆனால் இத்தகைய கதையை அனுப்புபவர் அதில் புதுமை காட்ட வேண்டியிருக்கும். காரணம் கூறாமல் திருப்பி அனுப்பப்படும் கதைகளால் சோர்வடையும் எழுத்தாளர்களுக்கு இப்பட்டியல் ஒரு வழிகாட்டி ஆகும்.

தொடர்புடைய முயற்சி

மோகன்ராஜ் 2004 இல் ஊக இலக்கிய அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். ஐம்பது வயதை எட்டிய அல்லது கடந்த பின் தொழில்முறையில் எழுதத் தொடங்குவோருக்கு அது தனி நல்கை ஒன்றை ஏற்படுத்தியது. ‘புதிய எழுத்தாளர்’ என்றால் இளைஞர் என்றே கொள்ளும் வழக்கத்திலிருந்து இது மாறுபடுகிறது.

விருதுகள்

• 2010 – உலகக் கனவுருப்புனைவு விருது, தொழில்முறை சாராத பணிக்கான சிறப்புப் பிரிவு (சூசன் மேரி குரோப்பி)
• 2024 – ஹியூகோ விருது, பகுதித் தொழில்முறை இதழ் பிரிவு. 2013 முதல் பலமுறை பரிந்துரைக்கப்பட்ட பின்னர் இதழ் இவ்விருதைப் பெற்றது.