சோனோமீட்டர் சொல்லாத பாடம்

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்து சோனோமீட்டர்தான். கம்பியின் மேல் மடித்த காகிதத் துண்டை உட்காரவைத்து, ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிப் பெட்டிமேல் வைப்போம். நீளம் சரியானதும் காகிதம் துள்ளி விழும். “விழுந்துடுச்சு சார்!” என்று கத்துவோம். மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4 மடங்கு என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினோம்.

அது பாதிப் பாடம்தான் என்று பின்னால் பிழைக்கப் போன அமெரிக்காவில் புரிந்தது. அங்கே 1990களில் மகளுக்காக ஒரு பழைய ஸ்பினெட் பியானோ வாங்கினேன். 1930களின் நடுவில், பொருளாதார மந்தம் வாட்டிய நேரத்தில், சிறிய வீடுகளுக்கென்று வந்த குட்டைப் பியானோ அது. உயரம் சுமார் 36 முதல் 40 அங்குலம். அதில் அடக்குவதற்காகச் சுத்தியல் பொறியையே கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே இறக்கியிருப்பார்கள். கம்பிகளும் குட்டை.

சுருதி சேர்க்க ஆளைக் கூப்பிடுவானேன், நாமதான் பிசிக்ஸ் படிச்சவங்களாச்சே என்று ஒரு சின்ன எலக்ட்ரானிக் ட்யூனர் வாங்கினேன். 200க்கு மேற்பட்ட கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஊசி நட்டநடுவில் நிற்கும்வரை திருகினேன். மகள் வாசித்துப் பார்த்துவிட்டு, “அழுவுற மாதிரி இருக்குப்பா” என்றாள். “மிஷின் சரின்னு சொல்லுது, உன் காதுதான் தப்பு” என்றேன். ஒரு மாதம் அவள் பியானோ பக்கமே போகவில்லை.

கடைசியில் வந்த வயதான ட்யூனர் ஒரே ஒரு ஸ்தாயியை வாசித்துக் காட்டினார். விம்மல் எனக்கே கேட்டது!

விஷயம் இதுதான். இந்தக் கருவிகளின் தாத்தா, 1936இல் அமெரிக்காவின் கான் நிறுவனம் கொண்டுவந்த ஸ்ட்ரோபோகான். சுழலும் 12 தட்டுகள்; சுருதி சேர்ந்தால் தட்டின் கோடுகள் அசையாமல் நிற்கும். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கான ‘செண்ட்’ என்ற அளவை அலெக்ஸாண்டர் எல்லிஸ் 1885லேயே தந்திருந்தார். நல்ல ட்யூனர்கள் காதால் சேர்த்த பியானோக்களை 1938இல் ரெயில்ஸ்பாக் கருவியால் அளந்தார். மேல்ஸ்தாயி கணக்கைவிட ஏறியும், கீழ்ஸ்தாயி இறங்கியும் இருந்தன. இரு கோடிகளிலும் சுமார் 30 செண்ட் வித்தியாசம்!

காதின் தப்பா? இல்லை. கம்பியின் விறைப்பு. விறைப்பான கம்பியில் முதல் மேற்சுரம் 2 மடங்குக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும். மேல் கம்பியைச் சரியாக 2 மடங்கில் வைத்தால் அதோடு மோதி விம்மும். கம்பி தடிக்க, நீளம் குறைய, இந்தப் பிசகு வளரும். இதை ராபர்ட் யங் 1952இல் அளந்து காட்டினார். மெல்லிய, நீண்ட சோனோமீட்டர் கம்பிக்கு நாம் எழுதியது ஏறக்குறைய சரி. குட்டைப் பியானோவுக்குத்தான் பொருந்தாது.

1980களில் ஆல்பர்ட் சாண்டர்சனின் அக்யூ-ட்யூனர் போன்ற கருவிகள் வந்தன. பிற்பாடு அந்தக் கருவியே எஃப், ஏ, சி என்ற மூன்று சுரங்களை அந்தந்தப் பியானோவிலேயே அளந்து, எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. இன்று அந்த வேலையைக் கைப்பேசிச் செயலியே செய்கிறது. ஆனாலும் மட்டமான ஸ்பினெட்டில், செம்பு சுற்றிய கம்பிகள் முடிந்து வெறுங்கம்பிகள் தொடங்கும் இடத்தில் பிசகு திடீரென்று தாவும். பெரியவர் நடுப்பகுதிக்குக் கருவியைப் பார்த்தார். அந்த இடம் வந்ததும் அதை அணைத்துவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டார். “இந்தப் பெட்டி இவ்வளவுதான் பாடும், அதுவரைக்கும் கொண்டுவந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்று சொல்லிவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள்.

நண்பர்களே, அந்த சோனோமீட்டர் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் ஒரு தடவை மீட்டிப் பார்ப்போம். காகிதம் மடிக்க நான் ரெடி!