வலிக்காத நெஞ்சு

சினிமாவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் மாரடைப்பு என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால், எல்லா இதயமும் இப்படி முன்கூட்டித் தகவல் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்றொரு ஊர். 1948-லிருந்து அங்கே 5,209 பேரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். 1984-ல் கணக்கு வெளியானது. மாரடைப்புகளில் கால்வாசிக்கும் மேல் ஈ.சி.ஜி. காட்டிக்கொடுத்த பிறகே தெரியவந்தவை! அதில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

சர்க்கரைக்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பல வருஷச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிடுவதால் வலி தெரியாமல் போகலாம். படியேறினால் மூச்சு வாங்கும், வியர்க்கும். 'வயசாச்சு, அவ்வளவுதான்' என்று விட்டுவிடுவோம்.

நகரத்தில் லேப் உண்டு. கிராமத்தில்? குடவோலை புகழ் உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் அன்று சூணாம்பேடும் இருந்தது (இப்போது செங்கல்பட்டு மாவட்டம்). 2006-ல் டாக்டர் வி.மோகனின் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு வேனை அனுப்பியது. ஈ.சி.ஜி., விழித்திரை கேமரா, இஸ்ரோவின் செயற்கைக்கோள் தொடர்பு எல்லாம் வேனுக்குள். சுற்றுவட்டாரத்தில் 42 கிராமங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை வாசலுக்கே வந்தது.

அப்படியானால் சர்க்கரை உள்ள எல்லோருக்கும் இதய ஸ்கேன் எடுத்துவிடலாமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் அறிகுறி இல்லாத 1,123 பேரிடம் பார்த்தார்கள். 2009-ல் வந்த பதில்: ஸ்கேன் எடுத்தவர், எடுக்காதவர் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, சிகரெட் நான்கையும் கட்டுப்படுத்துவதே முதல் வேலை.

உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா? வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்குவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.