திருப்பியனுப்பிய பின் நடந்த விசாரணை

எழுத்தாணை என்னும் சொல் நமது நாட்டு ஆசிரியருக்கும் மாணவருக்கும் புதியதன்று. அமைச்சரோ அதிகாரியோ சட்டத்துக்குப் புறம்பாகத் தீர்மானித்தால், அதனை வறிதாக்குமாறு நீதிமன்றைக் கேட்கலாம். ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்ற இவ்வழி, அவர்தம் நாட்டில் நீதிமுறை மீளாய்வு எனப்படுகிறது. மீளாய்வு மேன்முறையீடன்று. தீர்மானம் சரியா பிழையா என்று நீதியரசர் கேளார். அது சட்டப்படி, நியாயமான முறையில் எடுக்கப்பட்டதா என்றே கேட்பர். இறக்குமதி அனுமதிப்பத்திரம் மறுக்கப்பட்ட வணிகனுக்கு இவ்வேறுபாடு பணநட்டம். சித்திரவதைக்கு அஞ்சி ஓடிவந்தவனுக்கு அதுவே உயிர்.

1987 இல் பிரித்தானியாவிற் புகலிடம் கேட்ட நம்மவர் ஆறு பேரின் வழக்கு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. உள்நாட்டமைச்சர் மறுத்தார். நுழைவனுமதி இன்றி வந்தோராதலின், அக்காலச் சட்டப்படி நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே அவர்கள் மேன்முறையிடலாம். எஞ்சியது மீளாய்வு ஒன்றே. அவ்வாண்டு பெப்ரவரியிலேதான், உகண்டா நாட்டவர் ஒருவரின் வழக்கில், உயிராபத்து உள்ளவிடத்துத் தீர்மானத்தை மிகுந்த கவலையோடு துருவி ஆராய வேண்டும் எனப் பிரபுக்கள் சபையில் பிரிட்ஜ் பிரபு கூறியிருந்தார். ஒக்டோபரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அஞ்சுபவனின் நிலையில் நின்று அச்சத்தை நோக்கி, அறுவர் பக்கம் தீர்த்தது. டிசம்பர் 16 இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றிற்று. மனத்தில் அச்சம் இருந்தாற் போதாது. துன்புறுத்தப்படுவதற்கு நியாயமான அளவு சாத்தியம் உண்மையில் இருத்தல் வேண்டும் என்றது. அச்சாத்தியத்தை அளக்கும் கோல் அமைச்சர் கையிலேயே இருந்தது.

1988 பெப்ரவரியில் ஐவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து, தாம் அஞ்சிய நாட்டிலிருந்தே, மேன்முறையிட்டனர். 1989 மார்ச்சில் விசாரித்த அதிகாரி, அவர்கள் அச்சம் ஆதாரமுடையது, புகலிடம் அளித்திருக்க வேண்டும், தாமதமின்றித் திருப்பியழைக்க என்று தீர்ப்பளித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர்கள் மீண்டும் பிரித்தானியா சேர்ந்தனர். முதலிற் கொலை, பின்பு வழக்குரை என்ற பாண்டியன் அவையை ஆண்டுதோறும் படிப்பிக்கும் நமக்கு, இவ்வொழுங்கு முற்றிலும் அந்நியமானதன்று. இங்கே தண்டனைக்குரியோர் உயிரோடு மீண்டது ஒன்றே வேறுபாடு.

ஐவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 1991 ஒக்டோபர் 30 இல் தீர்ப்பு வந்தது. மூவர் திரும்பிய பின் துன்புறுத்தப்பட்டதாகக் கூறப்பட்டது. அது எவ்வாறாயினும், அதனை அமைச்சர் முன்னறியத்தக்க தனியடையாளம் எதுவும் அவர்கள் விடயத்தில் இல்லை என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் கூறிற்று. மீளாய்வு போதிய பரிகாரமே என்றும், ஏழுக்கு இரண்டாக முடிவுசெய்தது. பிரித்தானிய விசாரணையாளரே அச்சம் மெய் எனக் கண்டபின் இவ்வாறு கூறியது நமக்கு வியப்பாகவே உள்ளது. வெறும் சாத்தியம் போதாதென்றால், பொதுவாக எல்லோரையும் அடிக்கும் படை, தனியொருவனை அடிக்கப் போகிறது என்பதற்கு அவன் எந்தச் சான்றைக் கொண்டுவருவான்?

பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டம், அனுப்பப்படுமுன் மேன்முறையிடும் உரிமையைப் புகலிடம் கேட்போருக்கு வழங்கிற்று. ஐவரும் விமானமேறி ஐந்தாண்டு கழிந்திருந்தது. 2002 ஆம் ஆண்டுச் சட்டமோ, தெளிவாக ஆதாரமற்றவை என்று அமைச்சர் சான்றளிக்கும் கோரிக்கைகளுக்கு, வெளியே நின்று மேன்முறையிடும் பழைய ஒழுங்கை மீளவும் கொணர்ந்தது. அச்சான்றை எதிர்ப்போருக்கு உள்நாட்டில் எஞ்சியது மறுபடியும் மீளாய்வே.