வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த ரத்தம்

1985 கடைசி. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம்ம ஊருக்கு வராதுன்னு பலரும் நம்பின காலம். லாக்கே பார்க்காம பக் இல்லைன்னு சொல்ற மாதிரி! மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவிடம் தேடிப் பார்க்கச் சொன்னார். மயிலாப்பூர் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். சாம்பிள்களை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில். எலிசா டெஸ்ட் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். 6 சாம்பிள் மஞ்சளாச்சு. அதாவது, ரத்தத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருக்கு. வைரஸ் ஏற்கெனவே இங்கே வந்தாச்சு.

எனக்கு உறுத்துறது வேற. எதைத் தேடுறோம்னு அந்தப் பெண்களிடம் நிர்மலா சொல்லவே இல்லை. பின்னாளில் அவரே அதைச் சொன்னார். அவங்க ஏதோ பால்வினை நோய் டெஸ்ட்னு நினைச்சுதான் கையை நீட்டினாங்க.