துணைவிதி

இக்கட்டுரை சட்டத்துறைச் சொல் பற்றியது. இலங்கையின் பாடல் வகை பற்றி அறிய, பைலா (இசை) கட்டுரையைப் பார்க்கவும்.

துணைவிதி அல்லது பைலா என்பது, சட்டமன்றம் இயற்றிய சட்டமொன்று தரும் அதிகாரத்தின் கீழ், உள்ளாட்சி அமைப்பொன்று தன் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் வகையில் ஆக்கும் விதி ஆகும். சங்கங்கள் தமது உள்நிருவாகத்துக்கென வகுத்துக்கொள்ளும் விதிகளும் இப்பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

சொற்பிறப்பு

ஆங்கிலத்தில் "பை" என்பதற்கு "பக்கத்தில்" என்னும் பொருள் உண்டு. இதனால் பைலா என்பது முதன்மைச் சட்டத்தின் பக்கத்தில் நிற்கும் சட்டம் எனப் பொருள்கொள்வது வழக்கம். ஆனால் சொல்லின் மூலம் வேறு எனச் சொற்பிறப்பியலாளர் கருதுகின்றனர். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய இசுக்காண்டினேவியரின் பழைய நோர்சு மொழியில், "பை" என எழுதப்பட்ட இம்முதற்பகுதி ஊரைக் குறித்தது. எனவே பைலா என்பதன் நேர்ப்பொருள் "ஊர்ச் சட்டம்" என்பதாகும். டெர்பி, விட்பி, கிரிம்சுபி முதலிய இங்கிலாந்து ஊர்ப்பெயர்களின் இறுதியில் உள்ள "பி" இதே சொல்லே. தமிழ் இடப்பெயர்களில் "ஊர்" ஈறாக வருவதை இதனுடன் ஒப்பிடலாம்.

பொருள் மாற்றம்

இச்சொல் 13ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்து ஆவணங்களில் காணப்படுகிறது. அக்கால ஊர்ச் சட்டங்கள் அறுவடை, கதிர் பொறுக்கல், மேய்ச்சல் போன்றவற்றை ஒழுங்குபடுத்தின. இரவில் வயலிலிருந்து தானியம் கொண்டு செல்லக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இவை ஊராரின் இசைவால் அமைந்தவை. இன்றைய உள்ளாட்சித் துணைவிதி தன் வலுவை மேலுள்ள சட்டத்திலிருந்தே பெறுகிறது. ஆதலால் "துணைவிதி" என்னும் தமிழாக்கம் சொல்லின் மூலத்துக்குப் பொருந்தாவிடினும், அதன் இன்றைய நிலைக்குப் பொருந்துகிறது.

சட்ட வலு

உள்ளாட்சித் துணைவிதியை மீறுவோர் தண்டிக்கப்படலாம். எனினும், அதிகார எல்லையை மீறிய துணைவிதியை நீதிமன்றம் செல்லாதென அறிவிக்க முடியும். வீடுகளிலிருந்து 50 யார் தொலைவுக்குள், நிறுத்துமாறு கேட்கப்பட்ட பின்னரும் பொது இடத்தில் பாடுவதைத் தடைசெய்த கென்ட் மாவட்ட அவையின் துணைவிதி, குரூசு எதிர் ஜோன்சன் (1898) வழக்கில் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. ஆயினும் பாரபட்சமானதும் வெளிப்படையாகவே அநீதியானதுமான துணைவிதி செல்லாது என்னும் நெறியும் அத்தீர்ப்பில் கூறப்பட்டது.

சங்கத் துணைவிதிகளின் நிலை வேறு. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983 இன் படி துணைவிதிகளும் அவற்றின் திருத்தங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கத் துணைவிதிகள் சட்டத்தின் வலு உடையவை அல்ல என்றும், சங்கத்தையும் உறுப்பினரையும் பிணைக்கும் உடன்படிக்கை போன்றவை என்றும் இந்திய உச்ச நீதிமன்றம் 1969 இல் தீர்ப்பளித்தது. உறுப்பினரின் இசைவில் தங்கியிருக்கும் வகையில், இவை பழைய ஊர்ச் சட்டங்களை ஒத்தவை.