வக்கம் காதர்: தூக்குமேடை நின்ற சிறை இன்றில்லை

திருவனந்தபுரம்: திருவனந்தபுரம் மாவட்டம் வக்கத்தில் 1917-இல் பிறந்த அப்துல் காதர், வேலை தேடி மலாயா சென்றவர். ஜப்பானின் ஆக்கிரமிப்பிலிருந்த பினாங்கில் விடுதலைப் போராட்டத்துக்கான ரகசியப் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பல் மூலம் மலபாரின் தானூர் கடற்கரையில் இறங்கினார். வந்தவுடனே பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று, மேலும் மூவருடன் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 26.

நாஜிக்கள் ஆக்கிரமித்த ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளின் போர்க்காலத் தடயங்களைக் கேம்பிரிட்ஜ் தொல்லியலாளர் கில்லி கார் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். சென்னையில் அத்தகைய ஆய்வுக்குச் சுவர்கூட எஞ்சவில்லை. கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பின், 1837-இல் கட்டப்பட்ட அச்சிறை 2009-இல் இடிக்கப்பட்டது. அவ்வளாகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரிக் கட்டடம் எழுந்தது. தண்டனைக்கு முந்தைய இரவு காதர் தந்தைக்கு எழுதிய கடிதம் மட்டும் அழியாமல் உள்ளது.